நெயூசாவின் மொட்டை மாடி

"ஐயோ, ஜசீரா வீட்டைக் காணோம்!"

நெயூசா போட்ட கூச்சலில் குடியிருப்போர் மன்றமே திரும்பியது.

மேஜைமேல் அவர்களுடைய ஆற்றங்கரைக் குடியிருப்பு மொத்தமும் தீப்பெட்டிகளாக நின்றது. வீட்டுக்கு ஒன்று. அவரவர் வீட்டுக்கு அவரவரே சாயம் பூசியது.

எல்லாவற்றையும் இடித்துவிட்டு அகலச் சாலை போடுவது நகராட்சியின் திட்டம். இடிக்காமலே போடலாம் என்று, கட்டடக்கலை படித்த லீவியாவின் துணையோடு இவர்கள் போட்டது மாற்றுத் திட்டம். இன்று நகராட்சி எஞ்சினியர் வந்து பார்த்துத் தலையாட்டினால் பிழைத்தார்கள். நெயூசாவுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை.

தன் தீப்பெட்டியின் மொட்டை மாடிக்குக்கூடச் சிவப்புப் பூசியிருந்தாள். ஒருத்தர் மாடிமேல் இன்னொருத்தர் வீடு கட்டிக்கொள்வது அங்கே வழக்கம்தான். நெயூசா மட்டும் யார் கேட்டும் மசியவில்லை.

"அது என் மகன் கல்யாணம் ஆனதும் வீடு கட்டிக்க. மூச்சு விடக்கூடாது!"

இப்போது வளைவில், ஜசீராவின் நீல வீடு இருந்த இடம் காலி.

"போன வாரம் அவ நகராட்சி ஆபீஸ்லேர்ந்து வெளிய வந்ததை என் கண்ணால பார்த்தேன். வித்துட்டா! நம்ம எல்லாரையும் வித்துட்டா!"

அந்த நேரம் பார்த்து ஜசீரா உள்ளே வந்தாள்.

"எவ்வளவுடி வாங்கின?"

ஜசீரா பையை இறுக்கிக்கொண்டு மேஜையை நோக்கி நடந்தாள். பின்னாலேயே எஞ்சினியர் வந்துவிட்டார். குனிந்து பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கு. ஆனா தீயணைப்பு வண்டி எங்கம்மா திரும்பும்? போன தடவையும் இதனாலதானே திருப்பி அனுப்பினோம்?"

லீவியா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஜசீரா பையிலிருந்து ஒரு பொம்மைத் தீயணைப்பு வண்டியை எடுத்தாள். சந்துக்குள் உருட்டினாள். வளைவில், அந்தக் காலி இடத்தில், வண்டி அழகாகத் திரும்பி வந்தது.

"எவ்வளவு இடம் வேணும்னு உங்க ஆபீஸ்லயே வந்து கேட்டேன் சார். என் வீடு அளவுன்னு சொன்னாங்க."

எஞ்சினியர் இன்னொரு தடவை தானே உருட்டிப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"சரிம்மா. உங்க திட்டத்தையே எடுத்துக்கறோம்."

பிரேசில் கோல் போட்ட மாதிரி மன்றமே துள்ளியது. நெயூசா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"எங்ககிட்ட ஏண்டி சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பீங்களா, அக்கா?"

"இனி எங்க போவ?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம் தங்கச்சி இருக்கா. பார்த்துக்கலாம்."

அவள் கைக்குள் நீலத் தீப்பெட்டி நசுங்கிக்கொண்டிருந்தது. நெயூசா அதை வெடுக்கென்று பிடுங்கினாள். தன் சிவப்பு மாடிமேல் வைத்து அழுத்தினாள்.

"சார், போயிடாதீங்க! ஒரு திருத்தம் இருக்கு. ஜசீரா வீடு இங்க. என் மகன் வேணும்னா அதுக்கு மேல கட்டிக்கட்டும்!"