தனி வலை, தனி வாளி

பனி ஒட்டிய பூட்ஸைக்கூடக் கழற்றவிடாமல் ஆர்லீனைத் தன் வீட்டு பேஸ்மென்டுக்கு இழுத்துப்போனான் வேட்.

"பாரு, நீ வளர்த்துக் குடுத்த மீனோட லட்சணத்தை!"

சின்னத் தொட்டியில் ஏஞ்சல் மீன் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளிகளோடு மூச்சுவாங்கியது.

"இதுகூடப் பொறந்ததெல்லாம் எங்கிட்ட நல்லா இருக்கே..."

"புளுகாத! நல்லவேளை, வந்ததும் தனியா வச்சேன். பெரிய தொட்டியில விட்டிருந்தா மொத்தமும் போயிருக்கும். சனிக்கிழமை மீன் கிளப் ஏலத்துல உன் மீனை எவன் வாங்குறான்னு பாக்கறேன்!"

ஆர்லீன் சின்னத் தொட்டியருகே குனிந்தாள்.

"வலை?"

"தனி. வாளியும் தனி. கை துடைக்கிற துண்டுகூடத் தனி. என்னைக் கத்துக்குட்டின்னு நினைச்சியா?"

"ஃபில்டர் ஸ்பாஞ்ச்?"

"புது ஸ்பாஞ்சுல தண்ணியைச் சுத்தம் பண்ற நல்ல கிருமி இருக்காதே, தண்ணி கெட்டுடாதா? ஒரு மாசம் பெரிய தொட்டியில ஊறவச்சதைத்தான் இதுல மாட்டினேன்."

ஆர்லீன் போய்ப் பெரிய தொட்டியின் விளக்கைப் போட்டாள். உள்ளே மீன்கள் பாறையில் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தன. உற்றுப் பார்த்தால் துடுப்புகளில் அதே வெள்ளைப் புள்ளிகள்.

வேட் திரும்பிச் சின்னத் தொட்டியில் தான் மாட்டிய ஸ்பாஞ்சைப் பார்த்தான்.

"என் மீனைத் திருப்பிக் குடு," என்றாள் ஆர்லீன். "உன் வீட்டுலேருந்து வர்றதை நான் தனியா வச்சுப் பாக்கணும்."