கூண்டில் ஒரு சாட்சி

உலகத்திலேயே விலை உயர்ந்த காப்பி, மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகும் தெருவில் சிவராம் கடையில் கிடைத்தது. வாசல் போர்டு அப்படித்தான் சொன்னது. பழுத்த காப்பிப் பழத்தைப் புனுகுப்பூனை தின்னும். கொட்டை மட்டும் செரிக்காமல் பின்பக்கமாக வெளியே வரும். அதைப் பொறுக்கிக் கழுவி, வறுத்துப் பொடித்தால் அமிர்தம். ஒரு கப் தொள்ளாயிரம் ரூபாய்.

சிவராம் பிறந்ததிலிருந்து புனுகுப்பூனையைக் கண்ணால் பார்த்ததில்லை. அவனுடைய கொட்டை செங்கல்பட்டுக் கடைத்தெருவில் வாங்கியது. எந்தப் பிராணியின் வயிற்றுக்குள்ளும் போகாமல் நேராக பஸ் ஏறி வந்தது. குடித்தவர்கள் என்னவோ கண்ணை மூடிக்கொண்டு, "அடடா, அந்த வாசனையே தனி!" என்று உருகினார்கள். நம்பிக்கைக்காக ஒரு பெரிய கூண்டையும் வாங்கி, வைக்கோல் போட்டு மூலையில் வைத்திருந்தான்.

அந்தக் கூண்டுதான் வம்பில் மாட்டிவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண் வந்தாள். காட்டன் புடவை, தோளில் பை, சிரிக்காத முகம். காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"புனுகுப்பூனை எங்கே சார்?"

"எஸ்டேட்டுக்குப் போயிருக்கு மேடம். மேய."

"கூண்டு காலியாத்தான் இருக்குமா?"

"இப்போதைக்கு..."

போர்டையும் கூண்டையும் போட்டோ எடுத்தாள். போனில் என்னவோ தட்டினாள். உதட்டோரம் சின்னதாக ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு, போனிலேயே பணத்தை அனுப்பிவிட்டுப் போய்விட்டாள்.

காப்பி மாஸ்டர் சாம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"அண்ணாத்த, இது ஃபுட் இன்ஸ்பெக்டரு பார்ட்டி. படூர்ல போன மாசம் நெய்க்கடைக்காரனை இப்டித்தான் அமுக்கினாங்கோ. பேப்பர்ல போட்டோவே வந்துச்சு."

 தை மாதம் சிவராமுக்குக் கோதையுடன் கல்யாணம். கோதையின் அப்பா கோயில் நிர்வாகத்தில் இருப்பவர், பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பவர். மாப்பிள்ளை போலிக் காப்பி விற்று மாட்டினான் என்று செய்தி வந்தால், கல்யாணப் பத்திரிகை அச்சுக்கே போகாது.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் செங்கல்பட்டிலிருந்து பர்வதம் அத்தை போன் செய்தாள்.

"டேய், ஓட்டு மேல மரநாய் ஓடறதுடா. பப்பாளியை ஒண்ணு விடாம கடிச்சு வெச்சிருக்கு. ஆள் யாராவது இருந்தா அனுப்பேன்."

சிவராம் போனில் தேடிப் பார்த்தான். படத்தைப் பார்த்ததும் துள்ளிக் குதித்தான். அத்தை வீட்டு மரநாயும் அவன் போர்டில் இருந்த புனுகுப்பூனையும் ஒரே ஆசாமிதான்! மரநாய்க் காப்பி என்றால் எவன் தொள்ளாயிரம் தருவான்?

கூண்டோடு செங்கல்பட்டுக்கு ஓடினான். பழத்தை இழுத்தால் கதவு விழும்படி உள்ளே ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தொங்கவிட்டான். மறுநாள் காலையில், முகத்தில் கறுப்புப் பட்டையோடு அது உள்ளே உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தது. "உனக்குப் புண்ணியமாப் போகும்டா" என்றாள் அத்தை.

கடைக்குத் திரும்பியதும், அந்தப் பெண் பணம் அனுப்பியிருந்த நம்பரைத் தேடிப் பிடித்தான். பெயர் விஷாகா என்று காட்டியது.

"மேடம், அன்னைக்கு நம்பாம சிரிச்சிட்டுப் போனீங்களே! எஸ்டேட்லேர்ந்து வந்தாச்சு. நேர்ல வந்து பாருங்க."



"நிஜமாவா? உயிரோடவா?"

"உயிரோட! குத்துக்கல்லாட்டம்!"

"நாளைக்கே வர்றேன்."

"வாணாம் அண்ணாத்த, எனக்கு இன்னாவோ மாதிரி கீது" என்றான் சாம். சிவராம் காதில் வாங்கவில்லை. வைக்கோலில் நாலு காப்பிக் கொட்டையை வெல்லப்பாகில் உருட்டி, பின்பக்கமாக வந்த மாதிரியே தெரியும்படி தூவி வைத்தான். கலைஞன்தான், சந்தேகமே இல்லை.

விஷாகா வந்தாள். கூண்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து வீடியோ எடுத்தாள். முகத்தில் இப்போது அந்தப் பழைய சிரிப்பு இல்லை. சிவராமுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

"நீங்களே பிடிச்சதா சார்?"

"என் கையாலயே மேடம்."

"எத்தனை நாளா வெச்சிருக்கீங்க?"

பிடித்து ஒரு நாள் என்றால் நம்புவாளா? "மூணு வருஷமா!"

"இது ஒண்ணுதானா?"

"இன்னும் பதினஞ்சு எஸ்டேட்ல இருக்கு." கரடி விடுவது என்று ஆன பிறகு சின்னதாக எதற்கு விட வேண்டும்? "இப்பவாவது நம்பறீங்களா மேடம்?"

"முழுசா நம்பறேன்" என்றாள் விஷாகா. வாசல் பக்கம் திரும்பிக் கையசைத்தாள்.

பச்சை நிற ஜீப் ஒன்று வந்து நின்றது. காக்கிச் சட்டைக்காரர்கள் இரண்டு பேர் இறங்கினார்கள். விஷாகா பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். வனத்துறை.

"காட்டுப் பிராணியைப் பிடிச்சுக் கூண்டுல அடைச்சா ஜெயில். தெரியுமில்ல சார்?"

 கல்யாணம், கோதை, மாமனாரின் பேப்பர் எல்லாம் சிவராமின் கண்முன் ஓடின. கையெடுத்துக் கும்பிட்டான்.

"மேடம், சத்தியமா சொல்றேன், எஸ்டேட்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இது எங்க அத்தை வீட்டு மரநாய், நேத்துதான் பிடிச்சேன். காப்பி மொத்தமும் டுபாக்கூர். செங்கல்பட்டு பஜார் கொட்டை. வேணும்னா சாமைக் கேளுங்க!"

விஷாகா போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, அன்று சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தாள்.

"காப்பி டுபாக்கூர்னு அன்னைக்கே தெரியும் சார். 'கூண்டு காலி, பிராணி எதுவும் இல்ல, நமக்கு இங்க வேலையில்ல'ன்னு எழுதி ஃபைலை மூடிட்டேன்... நீங்கதானே போன் போட்டு வரச் சொன்னீங்க?"