டுவெயின் கொண்டுவந்த ஜோடி

"முதல் ஜோடி முடிஞ்சுது. அடுத்தது டுவெயினோடது. அஞ்சு நிமிஷம் பொறுங்கப்பா, வால்வு ஆறட்டும்" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார் ஆர்வின்.

அமெரிக்காவின் டோலிடோ நகரில், ஆர்வின் வீட்டு பேஸ்மென்ட். மாதத்தின் முதல் ஞாயிறு மதியம் ஆர்வின், டுவெயின், லெலாண்ட் என்ற மூன்று கிழவர்களும் இங்கே கூடிவிடுவார்கள். தேடித் தேடிச் சேர்த்த, பழைய காலத்து ரேடியோவில் இருக்கும் கண்ணாடி வால்வுகளை ஒரே ஆம்ப்ளிஃபயரில் ஜோடி ஜோடியாக மாற்றிப் போட்டு, எந்த ஜோடியில் பாட்டு இனிக்கிறது என்று பார்ப்பார்கள். மாட்டுகிற ஆர்வின் திரைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். எந்த வால்வு என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் காது ஒழுங்காக வேலை செய்யாது என்பது அவர்கள் கட்சி.

தீர்ப்பு எப்போதும் லெலாண்டுடையது. நாற்பது வருடம் டெலிபோன் லைன்களைச் சோதித்த காது. மீட்டர் பொய் சொன்னாலும் லெலாண்ட் காது சொல்லாது என்று மற்ற இருவரும் ஊரெல்லாம் பறையடித்து வைத்திருந்தார்கள்.

"அப்பா விட்டுட்டுப் போனதுல மிச்சம் இந்த ஒரு ஜோடிதான்" என்றார் டுவெயின், பீர் டின்னை உடைத்தபடி.

"மிச்சமா? போன மாசம் ஒரு ஜோடி கொண்டுவந்தியே?" என்றார் லெலாண்ட்.

"அதான் உயிரே இல்லைன்னு சொல்லிட்டியே. குப்பை வண்டியில போட்டுட்டேன். செத்ததையெல்லாம் எதுக்கு அடுக்கி வெச்சிருக்கேன்னு லொரெய்ன் வேற திட்டறா."

திரைக்குப் பின்னால் ஏதோ சரிந்து விழுந்தது.

லெலாண்டின் இடது காது போய் இரண்டு வருடமாகிறது. வலது காதிலும் மெல்லிய சத்தங்கள் ஏறுவதில்லை. அதை வெளியே சொல்ல வெட்கம். கண்ணை மூடி ரசிப்பதுபோல் உட்கார்ந்து, இமை இடுக்கு வழியாக டுவெயினின் காலைப் பார்ப்பார். கால் தாளம் போட்டால் 'அமிர்தம்' என்பார். போடாவிட்டால் 'உயிரில்லை' என்பார். இந்த வித்தையில்தான் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

போன மாதம் கால் அசையவே இல்லை. தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது. பத்து நாள் கழித்து மருந்துக்கடையில் டுவெயினின் மனைவி லொரெய்னைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்த ஞாயிறு டுவெயினுக்குக் கீல்வாதமாம். கால் கட்டைவிரல் தக்காளிபோல் வீங்கி, ஷூவுக்குள் திணிக்கவே அரைமணி ஆனதாம்.

அன்றே ஓடிப்போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மனுஷன் சொல்லவில்லை. காது போனவனுக்குத் தீர்ப்பு சொல்கிற அந்த நடு நாற்காலியை யார் தருவார்கள்?

சுவிட்ச் சத்தம். சிறிது நேரத்தில் சாக்ஸபோன் கிளம்பியது. லெலாண்டுக்கு அது நாலு வீடு தள்ளி யாரோ வாசிப்பதுபோல் கேட்டது. இமை இடுக்கில் பார்த்தார். இன்றும் கால் ஆடவில்லை. டுவெயின் முன்னால் சாய்ந்து, லெலாண்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?" என்றார் மெதுவாக. "இருக்கறத இருக்கறபடி சொல்லு. இதுவும் செத்துப்போச்சுன்னா போற வழியிலேயே போட்டுடறேன். நீ சொன்னா அதுக்கு மேல பேச்சே இல்ல."

பிரமாதம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வால்வும் பிழைக்கும், மானமும் பிழைக்கும். லெலாண்ட் வாயைத் திறந்தார். குப்பை வண்டியில் போன ஜோடி நினைவுக்கு வந்தது.

"எனக்குக் கேக்கலப்பா" என்றார்.

"ஒலிய ஏத்தச் சொல்லவா?"

"காதே போயிடுச்சு டுவெயின். ரெண்டு வருஷமாச்சு. போன மாசம் உன் ஜோடிய நான் கேக்கவே இல்ல. உன் காலைப் பார்த்துத்தான் சொன்னேன்."

"என் காலையா?"

"ஆடலையேன்னு பார்த்தேன். வலின்னு எனக்குத் தெரியாது."

டுவெயின் கத்தியிருந்தால் தேவலை. அவர் தன் ஷூவையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அன்னைக்கு நல்லாத்தான் கேட்டுது" என்றார் கடைசியில். "எங்கப்பா பக்கத்துல உக்காந்திருக்கற மாதிரியே இருந்துது. நீ மூஞ்சியச் சுளிச்சதும், நமக்கென்ன தெரியும்னு வாய மூடிக்கிட்டேன். அவர் சர்ச்சுல மைக்செட் பார்த்துக்கிட்ட முப்பது வருஷமும் பத்திரமா வெச்சிருந்தது அது."

லெலாண்டுக்கு அந்த நாற்காலியோடு தரையில் புதைந்துவிடலாம் போலிருந்தது. எழுபத்திரண்டு வயதில் இப்படி ஓர் அவமானத்தைத் தானே தேடிக்கொண்டோமே என்று நொந்துபோனார். "நான் செஞ்சது மன்னிக்கற காரியமில்ல" என்றார்.

பாட்டு பாதியில் நின்றது. திரையை விலக்கிக்கொண்டு ஆர்வின் வெளியே வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல், டுவெயின் கொண்டுவந்த அட்டைப்பெட்டியை நீட்டினார். பெட்டி அவர் கையில் கிடுகிடுவென்று ஆடியது. மேலே ஒட்டியிருந்த டேப் பிரிக்கப்படவே இல்லை.

"ரெண்டு வருஷமா இந்தக் கை இப்படித்தான் ஆடுது. கழட்டினா கீழ போட்டு உடைச்சிடுவேன்னு பயம், சொன்னா இந்த வேலைய என்கிட்டருந்து வாங்கிடுவீங்கன்னு அதைவிட பயம்" என்றார் ஆர்வின். "ஆம்ப்ளிஃபயர அணைச்சிட்டு, அஞ்சு நிமிஷம் கழிச்சு, உள்ள இருக்கற என் ஜோடியையே திரும்ப ஓட விட்டுடுவேன். போன மாசமும் அதேதான், டுவெயின். உங்கப்பாவோட வால்வுல இந்த ரூம்ல இதுவரைக்கும் யாருமே பாட்டு கேட்டதில்ல."