மடியில் கிடந்த கை

வெள்ளத்தாய்க்கு வலது கையும் காலும் விளங்காமல் போய், வாயும் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. "எதுத்தாப்புல உக்காந்து உங்க கையைத் தூக்கிக் காட்டுங்க. பாக்கப் பாக்க அவங்க மூளை தன்னால கத்துக்கும்" என்றாள் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பெண். அன்றிலிருந்து இருளாண்டி கட்டட வேலைவிட்டு வந்ததும் மனைவிக்கு எதிரே உட்கார்ந்து டம்ளரைத் தூக்குவான், வைப்பான், மறுபடி தூக்குவான். அவள் கண் மட்டும் கூடவே ஏறி இறங்கும். கை, அடுத்த வீட்டுக்காரியின் கைபோல மடியில் கிடக்கும்.

சித்தாள் சீனியம்மாதான் முதலில் கவனித்தாள். "என்னண்ணே, மதினி மாதிரியே வாயக் கோணிக்கிட்டு நிக்கிறீக? அம்புட்டுப் பிரியமாக்கும்!" சாரத்தில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரிப்பு ஒரு பக்கமாகவே போனது. மறுநாள் கீழிருந்து எறிந்த செங்கலைப் பிடிக்க அவனுடைய வலக்கை எழவில்லை. கல் காதை உரசிக்கொண்டு போனது. "ஆளக் கொன்னுபுடுவ போல. நாளைக்கு வராதப்பா" என்றுவிட்டார் மேஸ்திரி.

வீட்டுக்கு வந்து அவள் எதிரே உட்கார்ந்தான். டம்ளர் நடுவில் இருந்தது. அவன் கை மடியைவிட்டு எழவில்லை. அவள் அந்தக் கையையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் இடக்கையால் அவன் தாடையைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். "என்னய... பாக்காதீக" என்றாள் குழறலாக.

அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவள் டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு மிடறுக்கும் அவன் தொண்டை ஏறி இறங்கியது.