அவளுடைய பாரா

அவளுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர்.

இப்போது படிக்கிறவள் உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கும் ஜெனோவா எழுவாள். ஜெனோவா உட்கார்ந்தால் அவள்.

புத்தகத்தில் தன் பாராவை விரலால் அழுத்திப் பிடித்திருந்தாள். விட்டால் ஓடிவிடுமோ என்று பயம்.

பன்னிரண்டாம் வகுப்பின் கடைசி ஆங்கிலப் பாடம். ஆளுக்கு ஒரு பாரா. ஒருத்தி முடித்ததும் டீச்சர் கூப்பிடாமலே அடுத்தவள் எழுந்து தொடர வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து இதுதான் வழக்கம்.

வாசிக்கத் தெரிந்தவர்கள் பாடத்தைக் கேட்பார்கள். மற்றவர்கள் தலைகளை எண்ணுவார்கள். முன்னால் இத்தனை தலை, அப்படியானால் நமக்கு இந்தப் பாரா. கண்டுபிடித்த கையோடு வார்த்தைகளுக்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதிக்கொள்வார்கள். எந்த டீச்சரும் இதைச் சொல்லிக்கொடுத்ததில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

அவளுக்கு அந்த வித்தையும் கைகொடுத்ததில்லை. எழுந்து நின்றால் எழுதிவைத்ததும் வாயில் வராது.

ஆறாம் வகுப்பில் முதல்முறை எழுந்தபோது உதடுதான் அசைந்தது. வகுப்பே சிரித்தது. அந்த வயதுப் பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்யும். ஆனால் அன்று மத்தியானம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த முறை ஜெனோவா தன் பாராவை முடித்தும் நிறுத்தவில்லை. மூச்சுவிடாமல் அவளுடைய பாராவையும் சேர்த்துப் படித்துவிட்டு, ஒன்றும் அறியாதவள்போல உட்கார்ந்தாள்.

டீச்சர் கவனிக்கவில்லை. அல்லது கவனிக்காததுபோல இருந்துவிட்டார்.

அன்றிலிருந்து அப்படித்தான். வகுப்புகள் மாறின, டீச்சர்கள் மாறினார்கள். ஜெனோவா மட்டும் பக்கத்து இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதும் இல்லை.

தங்கமான பெண். அதைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது.

ஆனால் இந்த முறை, பள்ளிக்கூடம் முடிவதற்குள் ஒரே ஒரு தடவை தானே படித்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்திருந்தது.

தனக்கு எந்தப் பாரா வரும் என்று முன்னாலேயே கணக்குப் போட்டுவிட்டாள். வாரம் முழுக்க அந்த ஒரே பாரா. அம்மா தையல் மெஷினில் உட்காரும் நேரம் பார்த்து, அந்தக் கடகட சத்தத்துக்குள் வாய்விட்டுப் படித்தாள். தமிழில் ஒரு எழுத்துகூட எழுதிக்கொள்ளவில்லை. முதலில் எழுத்துக்கூட்டி. பிறகு வார்த்தை வார்த்தையாக. ஒருநாள் முழு வரியும் தட்டாமல் வந்தது.

மெஷின் நின்றதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"ஏட்டி, இவ்வளவு நேரமும் நீயா படிச்சே?" என்றாள் அம்மா.

ஜெனோவாவிடம் சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷம் பேசாததை எந்த வார்த்தையில் தொடங்குவது? இனிமேல் எனக்காகப் படிக்காதே என்றால் அந்த முகம் என்ன ஆகும்? பெரிதாகச் சொல்லிவிட்டு, எழுந்து நின்று திக்கினால்?

இன்று காலையில் முதல் பெஞ்சில் ஒருத்தியைக் காணோம். கணக்கு ஓர் ஆள் தவறும். அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்த பிறகு அந்தப் புண்ணியவதி ஈரத்தலையோடு ஓடிவந்து சேர்ந்தாள். கட்டிப்பிடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

முன்னால் படித்தவள் உட்கார்ந்தாள்.

ஜெனோவா எழுந்தாள். கணீரென்ற குரல். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோவிலில் வாசகம் வாசித்துப் பழகிய குரல்.

அவள் உள்ளங்கைகளைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டாள். பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தாள்.

ஜெனோவா தன் பாராவை முடித்தாள்.

நிறுத்தவில்லை.

அவளுடைய முதல் வரி ஜெனோவாவின் வாயிலிருந்து வந்தது. பிறகு இரண்டாவது வரி. ஒரு சாயங்காலம் முழுக்க மல்லுக்கட்டி அவள் பிடித்து வைத்திருந்த நீளமான வார்த்தையை ஜெனோவா ஒரே மூச்சில் தாண்டிப் போனாள்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபமும் வந்தது. யார்மேல் கோபப்படுவது?

ஜெனோவா உட்கார்ந்தாள். மேசைக்கடியில் அவள் கையை ஒருதரம் அமுக்கினாள்.

பின் பெஞ்சில் இசக்கி எழுந்தாள். தன் பாராவுக்கு மேலே தமிழில் எழுதி முடித்து, புத்தகத்தைத் தயாராகப் பிடித்திருந்தாள்.

அவளும் எழுந்தாள்.

பொன்செல்வி டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு பேரும் நின்னா எப்படி? யாரு படிக்கப் போறது?"

"நான் படிக்கேன் டீச்சர்."

இசக்கி உட்கார்ந்தாள். பின்னால் பென்சில்கள் பரபரத்தன. பாவம், அத்தனை பேருடைய கணக்கும் ஒரு பாரா தள்ளிப் போயிருந்தது.

அவள் புத்தகத்தைக் குனிந்து பார்த்தாள். இந்தப் பாராவை அவள் படித்ததே இல்லை. இதில் எந்த வார்த்தையும் அவளுக்கு உறவில்லை.

முதல் வார்த்தை வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதில் நின்றுவிட்டாள்.

ஜெனோவாவின் விரல் தானாக அந்த வார்த்தையின் கீழே வந்தது. எடுத்துக்கொடுக்க உதடு பிரிந்தது.

அவள் அந்த விரலை மெல்ல ஒதுக்கினாள். எழுத்துக்கூட்டினாள். மறுபடி முதலிலிருந்து கூட்டினாள். யாரோ சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை.

ஜெனோவா தன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அவளைப் பார்த்தபடி கேட்க ஆரம்பித்தாள்.