சூடானால் கிளம்பாது

"அந்த வண்டியை மட்டும் சரி பண்ணிடாதேப்பா!"

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார். இத்தனை வருஷமாக ஷெட் நடத்துகிறார். 'இன்னும் சரி பண்ணலையா?' என்று கத்துகிறவர்களைத் தினமும் பார்க்கிறார். சரி பண்ணாதே என்று கெஞ்ச வந்த முதல் ஆள் இவர்தான்.

"எந்த வண்டி சார்?"

"அதோ, மூலையில நிக்குதே கறுப்பு வண்டி. என் பையனோடது. ஓடி சூடாயிட்டா, ஆஃப் பண்ணினதும் அவ்வளவுதான். ஆறினாத்தான் கிளம்பும். உன்கிட்ட சர்வீசுக்கு விட்டிருக்கான்னு என் வீட்டுக்காரி சொன்னா."

மெக்கானிக் மூலையைப் பார்த்தார். பிறகு வந்தவரைப் பார்த்தார். தேய்த்து மடிப்புக் கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா. ஓய்வு பெற்ற தணிக்கை அதிகாரி. அடுத்தவர் கணக்கில் தப்புக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கிய மனுஷன், இன்று ஒரு தப்பை அப்படியே விட்டுவிடச் சொல்லி நிற்கிறார்.

"சூட்டுல ஸ்டார்ட் ஆகலைன்னா வால்வு டைட்டா இருக்கும். இல்லேன்னா கார்புரேட்டர்ல பெட்ரோல் வழியும். இக்னிஷன் காயில்கூட மக்கர் பண்ணும். பாத்து சரி பண்றதுதானே சார் என் பொழப்பு?"

"உன் பொழப்பு எனக்குத் தெரியாதா? போன தடவை என் ஸ்கூட்டர்ல பிரேக்கைச் சரி பண்ணிக் குடுத்தே. அன்னிக்குப் போன ஹாரன் இன்னும் வரலை. அந்தத் திறமையை இதுலயும் கொஞ்சம் காட்டேன்!"

"உங்களுக்கு எதுக்கு சார் ஹாரன்? நீங்க வாயைத் திறந்தாலே ரோடு காலியாயிடும்."

அதிகாரி முறைத்தார். மெக்கானிக் அசரவில்லை.

"பையன் வேகமாப் போறான்னு பயமா?"

"அவனா? சைக்கிள்காரனே அவனுக்கு டாட்டா காட்டிட்டுப் போறான்."

"அப்ப புது வண்டி வாங்கித் தரப் போறீங்களா?"

"உனக்குக் கிண்டல் ஜாஸ்தி."

"பின்னே என்னதான் சார் விஷயம்? டாக்டர்கிட்ட போயி காய்ச்சலை இறக்காதீங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு."

அதிகாரி ஸ்டூலில் உட்கார்ந்தார். அதில் கிரீஸ் இருப்பதை மெக்கானிக் சொல்ல வாயெடுத்து, ஹாரன் ஞாபகம் வந்து, பேசாமல் இருந்துவிட்டார்.

"நான் அலைஞ்சு வாங்கிக் குடுத்த வேலையை உதறிட்டு, கேமராவைத் தூக்கிட்டுப் போனான். நாலு வார்த்தை கேட்டேன். பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டுத் தனியாப் போயிட்டான்."

"உங்க நாலு வார்த்தைக்கு ஊரை விட்டே போயிருக்கணும். பொறுமைசாலிப் பையன்!"

"ஞாயித்துக்கிழமை ஆனா அம்மாவுக்கு மாத்திரை கொண்டு வருவான். இன்ஜினை ஆஃப் பண்ண மாட்டான், ஹெல்மெட்டைக் கழட்ட மாட்டான். கேட்டுக்கு வெளிய நின்னே பையை நீட்டிட்டுப் பறந்துடுவான். கூரியர்காரனாவது கையெழுத்து வாங்கற வரைக்கும் நிப்பான்!"

மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"ஒரு நாள் வாசல்லயே வண்டி நின்னு போச்சு. உதைக்கிறான், உதைக்கிறான், ம்ஹூம். வேற வழியில்லாம உள்ள வந்து உட்கார்ந்தான். காபி குடிச்சான். அதுலேர்ந்து வாராவாரம் இதே கூத்துதான். வண்டி ஆற அரை மணி நேரம் ஆகுது."

"அந்த அரை மணியும் நீங்க சும்மாவா இருப்பீங்க?"

"நானாவது, சும்மாவாவது! 'வண்டியும் உன்னை மாதிரியேடா, ஒண்ணு சொல்றதுக்குள்ள சூடாயிடுது'ம்பேன். 'வளர்ப்பு அப்படிப்பா'ம்பான்." சொல்லும்போதே அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "போன வாரம் சிரிச்சுட்டான்."

"அப்ப அம்மாவுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தீங்களாக்கும்?"

"ஆமா, அவளுக்காகத்தான்." அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது. "பொய் என்னத்துக்கு? எனக்காகத்தான். அந்த அரை மணிக்காக வாரம் பூரா காத்துக் கிடக்கேன்ப்பா. நீ ஸ்பேனரைப் போட்டு அதுல மண்ணை அள்ளிப் போட்டுடாதே."

மெக்கானிக் எழுந்தார். மூலைக்குப் போய், கறுப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"இப்பத்தான் மேம்பாலம் வரைக்கும் ஓட்டிட்டு வந்து நிறுத்தினேன். இன்ஜினைத் தொட்டுப் பாருங்க."

அதிகாரி தொட்டார். "ஐயோ!" என்று கையை உதறிக்கொண்டார்.

மெக்கானிக் ஒரே உதைதான் உதைத்தார். வண்டி கிளம்பி, ஷெட்டே அதிரச் சத்தம் போட்டது.

"படுபாவி! பண்ணிட்டியா?" அதிகாரியின் முகம் செத்துப்போனது. "அதுக்குள்ள உன்னை யார் அவசரப்படச் சொன்னா?"

"அவசரமா? இப்ப ஆயில் மாத்தத்தான் சார் விட்டிருக்கான். அந்தக் கோளாறு, முதல் தடவை உங்க வாசல்ல நின்னுதே, அதுக்கு மறுநாளே சரியாயிடுச்சு."

"விளையாடாதேப்பா. போன ஞாயித்துக்கிழமைகூட வேர்க்க விறுவிறுக்க உதைச்சானே, நான் பக்கத்துலயே நின்னேனே!"

மெக்கானிக் வண்டியை நிறுத்தினார்.

"'அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கண்ணே'ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்கான். சாவியைத் திருப்பாம உதைச்சா எந்த வண்டி சார் ஸ்டார்ட் ஆகும்?"