மாரிச்செல்வி போட்ட பீர்

"பெத்த அப்பனுக்கு ஊத்திக் குடுக்குத பிள்ளைய எங்கனயாவது பாத்திருக்கியாட்டி?" என்று ஆனந்தவள்ளி அத்தை ஒருநாள் கேட்டாள். மாரிச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட அவளுக்கு யார் முன்னாலும் பேச்சு வராது. எதுவானாலும் நோட்டில் எழுதி அரிசிப் பானைக்குள் ஒளித்துவைப்பாள்.

அப்பா பலவேசம் சாராயக் கடை வாசலில் விழுந்துகிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அவள் வீட்டிலேயே பீர் போடக் கற்றாள். பார்லியை முளைகட்டி, சிவக்க வறுத்து, வேகவைத்து, ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்தால் தேன் நிறத்தில் நுரைத்து வரும்.

அன்று சாயங்காலம் இரண்டாவது டம்ளரை முடித்த அப்பா, "இன்னைக்குச் சரக்கு தூக்குதுட்டி" என்றார் நாக்குக் குழற.

"வேன்கார இசக்கிதுரை அண்ணாச்சி வந்தாவ. குத்தாலத்துல சீசன் ஆரம்பிச்சிட்டாம். திரும்ப வேன் ஓட்ட வருவியளான்னு கேக்காவ" என்றாள் மாரிச்செல்வி.

"என்னால எப்பிடிட்டி முடியும்? வழியில போலீஸ்காரன் ஊதச் சொன்னா என்ன செய்ய?"

"ஊதுங்கப்பா."

"கிண்டலா பண்ணுத?"

அவள் அரிசிப் பானைக்குள் கைவிட்டு நோட்டை எடுத்து நீட்டினாள். அப்பா கடைசிப் பக்கத்தை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

'சித்திரை மாதம் பீரைக் கொஞ்சம் கொதிக்கவைத்துப் போதையைக் குறைத்தேன். வைகாசி ஒன்று முதல், போதை முழுவதும் ஆவியாகும்வரை கொதிக்கவைத்து, ஆறியதும் சோடா கலந்தேன். அப்பாவுக்குத் தெரியவில்லை. இன்று முப்பத்தாறாம் நாள்.'

பலவேசம் வெறும் டம்ளரை முகர்ந்து பார்த்தார். பிறகு எழுந்தார். கால் தடுமாறவில்லை. ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு இசக்கிதுரை வீட்டை நோக்கி நடந்தார்.